கணக்கு வகுப்பிலிருந்து விலக்கு

செப். 4, புதன்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்க மறந்துவிட்டேன். அரை ஈரச் சுடிதாரோடு வேலைக்கு, துணிக்கடைக்குப் போனேன். முதலாளி கவனிக்கவில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, இனி அவர் கண்ணுக்குத் துணியைத் தவிர எதுவும் தெரியாது.

யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்த செய்தி நேற்று வந்தது. பொருளாதாரம், சிலாங்கூரில். இங்கே சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்க அப்பா நேற்றே சொல்லிவிட்டார். குப்பை லாரிக்காரருக்கும் சொன்னதாக அம்மா சொல்கிறார்.

இன்று மதியம் இரண்டாவது மின்னஞ்சல். சேலை அடுக்குக்குப் பின்னால் நின்று படித்தேன். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதம், அதாவது எட் மேத்ஸ், எடுக்காதவர்களுக்கு ஓர் இணைப்புக் கணித வகுப்பு நடத்துகிறார்களாம். செமஸ்டருக்கு முன் இரண்டு வாரம், 23ஆம் தேதி ஆரம்பம். கட்டாயமில்லை, ஆனால் சேர்வது மிக நல்லது என்று தடித்த எழுத்தில். ஹாஸ்டல் உண்டு. கட்டணம் கிடையாது. 12ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்.

படித்ததும் கோபம்தான் வந்தது. இன்னொரு பெராலிஹான்.

அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதே இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாயில் மதிப்பெண் போதாமல் போனவர்களை இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்றுக்கு அனுப்பாமல் ஒரு வருடம் நிறுத்தி வைக்கும் வகுப்பு அது. பெரியவர்கள் 'ரிமூவ் கிளாஸ்' என்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் எதிர்க் கட்டடத்தில் அறிவியல் படித்தபோது நாங்கள் கழிப்பறைக்கு அடுத்த வகுப்பில் மலாய் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தோம். இடைவேளையில் எங்களுக்குப் பெயர் கிடையாது. 'புடாக் பெராலிஹான்', பெராலிஹான் பசங்கள், அவ்வளவுதான்.

பெரியப்பா மகள் ஷர்மினிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் மலாய்ப் பள்ளிக்குப் போனவள். இப்போது யுனியில் மூன்றாம் ஆண்டு. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துக் கேட்பார்கள், "நீயும் ஷர்மினி செட்டுதானே? இன்னும் போலயா?"

பசியில்லை. அம்மா செய்த மீன் சம்பலை மட்டும் தின்றேன்.

செப். 5, வியாழன்

மழை விட்டுப் புழுக்கம்.

மின்னஞ்சலோடு ஒரு மாதிரித் தேர்வும் இருந்தது. வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று நாமே பார்த்துக்கொள்ளலாமாம். சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்விக்கும் தலை எது கால் எது என்று தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தை மூடிவிட்டேன்.

எனக்குக் கணக்கே வராது என்று சொல்ல முடியாது. கடையில் தள்ளுபடி போட நான் கால்குலேட்டரைத் தொடுவதில்லை. வாய்ப்பாடு தமிழில் ஓடும், விலையை மலாயில் சொல்வேன், பில்லை ஆங்கிலத்தில் தட்டுவேன். ஆனால் அது கடைக் கணக்கு. இது வேறு. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

படிவம் நான்கில் கூடுதல் கணித வகுப்பு நிரம்பிவிட்டது என்றார்கள். ஆலோசக ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார், "சஸ்தரா லா, செனாங் சிகிட்." கலைப்பிரிவுக்குப் போ, அது சுலபம் என்று. பெராலிஹானிலிருந்து வந்த நாங்கள் ஏறக்குறைய எல்லாரும் அங்கேதான் போனோம். சுலபமாகத்தான் இருந்தது. அதற்கு விலை இப்போது தெரிகிறது.

கடையில் ஒரு அம்மா இன்னொருவரிடம்: "இந்தக் கலரு எனக்கு எடுக்காதுக்கா, எம் மாமியாவுக்கு எடுக்கும், அதான் வேணாங்கறேன்."

செப். 6, வெள்ளி

விடுமுறை. கோயில்.

மெர்போக் பக்கத்து எஸ்டேட் கோயில். நாங்கள் அங்கிருந்து டவுனுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. எஸ்டேட் லயங்களில் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் காடியை எடுத்துக்கொண்டு பாதி சுங்கைப்பட்டாணி அங்கே போய் நிற்கும். அப்பா கோயில் கமிட்டிச் செயலாளர். கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அங்கே மட்டும் கக்கத்தில் ஃபைல் வைத்துக்கொண்டு நடப்பார்.

14ஆம் தேதி சனிக்கிழமை மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாராட்டு. மாலை, பொன்னாடை, புகைப்படம், சாப்பாடு. ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். இந்த வருடம் யுனிவர்சிட்டிக்குப் போவது நான் ஒருத்திதான். மற்ற இருவரும் பாலிடெக்னிக். அதனால் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரும்பி வரும்போது காடியில் வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"என்னாத்துக்கு மறுபடியும் கணக்கு? அதான் எடம் கெடச்சாச்சுல்ல?"

"படிக்கப்போற பாடத்துல கணக்கு இருக்குப்பா. எட் மேத்ஸ் நான் எடுக்கல."

"கட்டாயம் இல்லன்னு அவனே எழுதியிருக்கான். வுட்டுரு. நேரா எடுத்துக்கிட்டாங்கன்னு கமிட்டியில சொல்லியாச்சு."

நேராகத்தான் எடுத்துக்கொண்டார்கள், வகுப்பு என்பது அதற்கு மேல் ஓர் உதவி என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா ரேடியோவைக் கூட்டினார். 

அம்மா பின் சீட்டிலிருந்து: "சாமி தூக்குறதுன்னா மட்டும் இவருக்கு வாரக்கணக்குல லீவு கெடைக்கும்."

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

செப். 8, ஞாயிறு

வெயில். தையல் மெஷினுக்கு எண்ணெய் வாங்க வேண்டும் (அம்மா மூன்று முறை சொல்லிவிட்டார்). பாராட்டுக்குக் கட்ட எனக்குச் சேலை எடுத்தாயிற்று. ரவிக்கை அம்மா தைக்கிறார். கழுத்து கொஞ்சம் இறக்கமாக வேண்டும் என்றேன், கோயில் மேடைக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார்.

ஷர்மினிக்குப் போன் செய்தேன். அவளும் பொருளாதாரத்தில் சேர்ந்தவள், அதே சிலாங்கூர்ப் பக்கம்தான், ஆனால் வேறு யுனி. அவளுக்கும் இப்படி ஒரு வகுப்புச் சொன்னார்களா என்று கேட்டேன். 

"சொன்னாங்க. நான் போகல."

"அப்ப சமாளிச்சிட்டியா?"

"சமாளிக்கறதாவது. ரெண்டு பேப்பர் ஃபெயிலு. ரிப்பீட் பண்ணேன், மறுபடியும் ஃபெயிலு. இப்ப எக்கனாமிக்ஸே இல்ல ரூபி. எச்.ஆருக்கு மாத்திக்கிட்டேன். மொதல்லேந்து ஆரம்பிச்சேன். நான் ரெண்டாம் வருசம்தான்."

"பெரியப்பா மூணாவதுன்னு..."

"எங்கப்பா சொல்லுவாரு. அவருக்கு வாய் இருக்கு. நான் என்னா பண்ண? நீ யாருகிட்டயும் சொல்லிறாத."

எத்தனை கல்யாண வீடுகளில் இவளை வைத்து என்னை அடித்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு வருடம் போயிருக்கிறது, மூடி வைத்திருக்கிறார்கள். எனக்கு சந்தோஷம் வரவேண்டும். வந்தது, ஒரு நிமிடம். பிறகு கோபம். அவள்மேல் இல்லை. பெரியப்பாமேல், எங்கள் அப்பாமேல், கையில் தட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் அத்தனை பேர்மேலும்.

"போ ரூபி" என்றாள் கடைசியில். "அந்த ரெண்டு வாரம் போயிரு. அங்க லெக்சர்ல யாரும் நிறுத்திச் சொல்லமாட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியே போவாங்க."

செப். 9, திங்கள்

மேகமூட்டம். தலைவலி.

போகக்கூடாது:
– அப்பா.
– முதலாளி. தீபாவளி நேரத்தில் வேலையிலிருந்து முன்கூட்டியே நின்றுகொள்கிறேன் என்றால் கத்துவார்.
– மறுபடியும் 'தெரியாதவர்கள்' வகுப்பு. மறுபடியும் தனிக் கட்டடம்.
– அப்பா.

போகவேண்டும்:
– இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாவது பட்டியலில் வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. அது போதும் என்றும் தோன்றியது. மதியம் பதில் போட்டேன், வருகிறேன் என்று. உடனே உறுதிப்படுத்தி வந்துவிட்டது, ஹாஸ்டல் அறை எண்ணோடு.  பெரிய காரியம் ஒன்றுமில்லை, இருந்தாலும் அதை மறுபடி மறுபடி படித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல், "ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லிக்க" என்றார். பிறகு நிறுத்தினார். "அங்க போர்வ குடுப்பாங்களா?"

செப். 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அப்பா கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அவர் முகம் சின்னதாகிவிட்டது. "ஏம்மா, ஒன்னய கொறச்சு எடை போட்டுருக்கானுங்க, அது ஒனக்குப் புரியலயா?" என்றார். என்னைவிட அவருக்குத்தான் அவமானம். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். அதுதான் கஷ்டம், பொய் என்றால் சண்டை போடலாம்.

சாப்பிடாமல் மோட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செப். 11, புதன்

மாலை நல்ல மழை. வீட்டு முன் சாக்கடை நிறைந்து ஓடியது.

அந்த மழையிலும் தலைவர் வந்தார். கட்சிக் கிளைத் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் புரவலர். எல்லாரும் 'தலைவர்' என்றே கூப்பிடுவதால் அவர் பெயர் எனக்கே மறந்துவிட்டது. அப்பா நேற்று போனது அவர் வீட்டுக்குத்தான்.

இங்கே எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஸ்கூலில் இடம் இல்லையா, ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப்போகிறதா, லைசன்ஸ் வரவில்லையா, தலைவரைப் பிடி. தலைவர் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், ஒய்.பி., ஆபீசுக்குப் போன் போடுவார். ஒய்.பி. ஆபீஸ் அங்கே போன் போடும். யுனிவர்சிட்டி இடத்துக்கு அப்பீல் செய்ய வருடா வருடம் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். கிடைத்த இடத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று அப்பீல் செய்தது எங்கள் வீட்டில்தான் முதல்முறையாக இருக்கும்.

"பாலா, இத சாதாரணமா வுடக்கூடாது" என்றார் அப்பாவிடம், ஈரச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து. "நம்ம புள்ளைங்கன்னா மட்டும் எப்பவும் ஒரு படி எறக்கித்தான் உக்கார வெப்பானுங்க. பெராலிஹான்ல ஒரு வருசம் வெச்சானுங்க, பத்தலயா?"

போன வாரம் இந்த நோட்டில் நான் எழுதியதேதான். அவர் வாயால் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

"அங்கிள், அது எட் மேத்ஸ் எடுக்காத எல்லாருக்கும்தான். மலாய்க்காரங்க, சீனவங்க, எல்லாரும் வருவாங்க."

"நீ சும்மா இரும்மா. ஒனக்கு இந்த வெளயாட்டெல்லாம் தெரியாது."

"எனக்கு வகுப்பு வேணும் அங்கிள். நானேதான் வரேன்னு போட்டேன்."

"நம்ம புள்ளைங்க எப்படிப் பயந்து போயிருக்குன்னு பாத்தியா பாலா?" அப்பா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "போயி தண்ணி கலக்கிட்டு வாம்மா. தலைவருக்குச் சீனி கம்மி."

போனேன். தேத்தண்ணீர் கலக்கினேன். சீனியும் குறைவாகத்தான் போட்டேன். அந்த நேரத்தில் என் ஐ.சி. அடையாள அட்டை எண்ணை அப்பா சொல்ல, தலைவர் போனில் யாருக்கோ திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் காதில் விழுந்தது. சும்மா வாய்ச்சவடால், ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். அவர் சொல்லி எங்கள் தாமான் குடியிருப்புச் சாலையில் ஒரு குழிகூட இதுவரை மூடியதில்லை.

செப். 12, வியாழன்

குழி மூடாதவர் இதைச் செய்துவிட்டார்.

மதியம் மின்னஞ்சல், மலாயில். தங்கள் தரப்பின் மேல்முறையீட்டைப் பரிசீலித்து, இணைப்புக் கணித வகுப்பிலிருந்து தங்களுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. ஹாஸ்டல் முன்பதிவு ரத்து. வாழ்த்துகள் என்றுகூட இருந்தது.

பட்டு ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கோணலாகப் போய்விட்டது. முதலாளி கத்தினார். நானும் கத்தியிருப்பேன், அவரிடம் கத்தி என்ன பயன்?

சாயங்காலம் வீட்டில் லட்டு. அப்பா வேலை முடிந்து வரும் வழியில் வாங்கியிருக்கிறார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் கொடுத்தாயிற்று. "ஒரே போன்மா! ஒரே போன்ல வேல முடிஞ்சிருச்சு!"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். லட்டை எடுக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. இந்த வீட்டில் அம்மாவின் கோபமெல்லாம் இவ்வளவுதான், இனிப்பை எடுக்கமாட்டார்.

நான் அறைக்குள் போய்விட்டேன். அழவில்லை. மாதிரித் தேர்வின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு மாதிரியே இருந்தது.

செப். 14, சனி

முதலில் ரவிக்கை: கை இறுக்கம். கையைத் தூக்கிக் கும்பிட முடியவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். நாற்காலி பற்றவில்லை, இளைஞர்கள் பின்னால் நின்றார்கள். சாம்பார் நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

பாலிடெக்னிக் போகும் இரண்டு பேருக்கும் மாலை மட்டும். எனக்கு மாலையும் பொன்னாடையும். தலைவர் போர்த்தினார், கேமராவைப் பார்த்தபடி. என் தோள் எங்கே இருக்கிறதென்றே பார்க்கவில்லை, ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மறுபடியும் போர்த்தினார், மறுபடியும் படம். பிறகு மைக்.

"கணக்கு வகுப்புக்கு வரச்சொன்னாங்க. நாங்க வுடல! தமிழ்ப் புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கணுமான்னு கேட்டோம்! தேவையில்லன்னு அவங்களயே எழுதிக் குடுக்க வெச்சோம்!"

கைத்தட்டல். விசில்கூட. இதே கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் கணக்கில் தோற்று வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அவர்களும்தான் தட்டினார்கள்.

அப்பா மேடை ஓரத்தில் ஃபைலோடு நின்றார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் கோபம் ஒரு நொடி தடுமாறியது. உடனே முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "அனைவருக்கும் வணக்கம், மிக்க நன்றி" என்றேன். அதற்குமேல் வரவில்லை. கோழை.

இறங்கி வரும்போது ஓர் அக்கா தன் மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினார். "பாத்துக்க. அக்கா மாதிரி கணக்குல கெட்டியா வரணும்." அந்தப் பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது. நான் அதன் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தேன்.

செப். 15, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கடை. கூட்டம். கால் வலி. யுனி ஆபீஸ் இன்று மூடல், நாளையும் விடுமுறை.

அப்பாவின் வாட்ஸ்அப் படம் மாறியிருக்கிறது. நானும் பொன்னாடையும் தலைவரும். தலைவர்தான் நடுவில்.

செப். 17, செவ்வாய்

யுனிக்குப் போன் செய்தேன். போனை எடுத்த ஆபீஸ் கெரானி ஒரு மலாய் அக்கா, நல்ல மாதிரி. கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. "ஆனா தங்கச்சி, நீங்கதானே வேணாம்னு கேட்டீங்க?" என்றார் மலாயில்.

நான் கேட்கவில்லை என்றேன். அப்புறம் யார் என்றார். என் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. குடும்பத்தில் ஒரு குழப்பம் என்றேன்.

என் இடத்தை வேறொரு மாணவிக்குக் கொடுத்தாயிற்று. பட்டியல் நிறைந்துவிட்டது, ஹாஸ்டலும் இல்லை. "லெக்சரர் சம்மதிச்சா பின்னால உக்காந்து கேக்கலாம். பேர் இருக்காது, சர்டிபிகேட் வராது. சும்மா உக்காரலாம்."

சும்மா உட்காருவது போதும் என்றேன்.

ஷர்மினிக்குச் செய்தி போட்டேன். அவள் வாடகை அறையிலிருந்து என் யுனிக்கு ரயில் இருக்கிறது. பதில் உடனே வந்தது: 'தரையில படுத்துக்க. கரப்பான் இருக்கு, பயப்படாத.'

முதலாளியிடம் சொன்னேன். தீபாவளி முடியட்டும் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் திரும்ப வராதே என்றார். சரி என்றேன். இதெல்லாம் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதே, மேடையில் ஏன் வரவில்லை?

செப். 18, புதன்

இன்று சண்டை. எழுதி வைக்கிறேன், பிறகு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

அப்பா: "சபையில சொல்லிட்டேன்மா. அத்தன பேரு முன்னால சொல்லியாச்சு. இப்ப நீ அந்த வகுப்புக்கே போயி உக்காந்தா எம் மொகத்த எங்க வெச்சுக்குவேன்?"

நான்: "சபையில சொன்னது நீங்கப்பா. பரீட்சையில உக்காரப் போறது நான்."

"தலைவரு என்னா நெனப்பாரு?"

"அவரா எனக்குப் பரீட்ச எழுதப்போறாரு?"

"மரியாத!"

பிறகு நான் பழையதை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோ என்னவோ, எடுத்துவிட்டேன். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்து மூடப்போகிறார்கள் என்றபோது அப்பா பெற்றோர் சங்கத்தில் இருந்தார். எண்ணிக்கைக்குத் தலை வேண்டும். பெரியப்பா தன் மகளை மலாய்ப் பள்ளிக்கு அனுப்பினார், அப்பா என்னைத் தமிழ்ப்பள்ளியிலேயே சேர்த்தார். அதற்கு எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பள்ளியில்தான் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் சேர்த்துவிட்டு, எனக்கு மலாய் வருகிறதா என்று ஒருநாள் பார்த்தாரா? படிவம் நான்கில் ஏன் கூடுதல் கணிதம் இல்லை என்று பள்ளிக்கு வந்து கேட்டாரா? தலைவரை அப்போது கூப்பிட்டிருக்கலாமே. ஒரு போன்.

"அப்பல்லாம் ஒங்களுக்குத் தல வேணும்பா. இப்ப பொன்னாட போத்த தோள் வேணும். உள்ள என்னா இருக்குன்னு எப்ப பாத்தீங்க?"

 அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து டிவி போட்டார். செய்தி ஓடியது. அவர் பார்க்கவில்லை என்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

அம்மா: "போட்டும் வுடுங்க. புள்ள படிக்கத்தானே போவுது, ஓடியா போவுது?" அப்பாவைப் பார்த்து அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

செப். 21, சனி

மூட்டை:
– துணி
– ஜியாமெட்ரி பெட்டி (படிவம் ஐந்தினுடையது, காம்பஸ் துரு)
– மிளகாய்த்தூள், ஊறுகாய் (அம்மா)
– போர்வை (அம்மா, இரண்டு)
– கரப்பான் மருந்து

அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்த பிறகு உட்காருகிறார்.

செப். 22, ஞாயிறு (பஸ்ஸில், கையெழுத்து ஆடுகிறது)

காலையில் தூறல். அப்பா வேலைக்குப் போய்விட்டார், வழக்கத்தைவிட முன்னதாக. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நானும் எழுந்து வெளியே வரவில்லை, மோட்டர் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மா பஸ் நிலையம்வரை வந்தார். அங்கே கோயில் கூட்டத்து மாமி ஒருவர். "என்னா, இப்பவே கெளம்பிட்டியா? அடுத்த மாசம்தானே ரெஜிஸ்டர்?"

அம்மா உடனே, "ஷர்மினி வூட்டுக்கு. சும்மா சுத்திப்பாக்க" என்றார்.

மாமி போனதும் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார், ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. நானும் மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லையே. அம்மாவை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பக்கத்து சீட்டில் ஒரு பையன் வாய் திறந்து தூங்குகிறான். பட்டர்வொர்த் தாண்டியாயிற்று. அப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

செப். 23, திங்கள்

ரயில் தாமதம். ஓடிப்போனேன். வகுப்பறை மூன்றாம் மாடி, ஏர்கான் குளிர். நாற்பது பேர் இருக்கலாம். மலாய், சீனர், நம்மவர், சபா சரவாக் முகங்கள். எல்லாம் என்னைவிடச் சின்னதுகள். பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

லெக்சரர் தலையில் டுடோங் முக்காடு அணிந்த நடுவயது அம்மா, பிஎச்.டி., எல்லாரும் 'டாக்டர்' என்கிறார்கள். பெயர் படித்தார். என் பெயர் வரவில்லை, வராது என்று தெரியும். முடித்துவிட்டு நிமிர்ந்து, பின்னால் இருக்கிறவர் யார் என்றார். பெயர் சொன்னேன். மடிக்கணினியில் தேடினார்.

"உங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கே. நீங்க வரவேண்டியதில்லையே?"

எல்லாரும் திரும்பினார்கள். முன்னால் ஒரு பெண் பக்கத்தவளிடம் சொன்னது கேட்டது: "வாஹ், பண்டாய் லா டியா." அடேயப்பா, கெட்டிக்காரி.

எழுந்து நின்றேன்.  கோயிலில் அத்தனை பேர் முன்னால் எனக்காகச் சொன்னதற்கெல்லாம் இங்கே நான் ஒருத்தி பதில் சொல்லவேண்டியிருந்தது. மலாயில் சொன்னேன்: "விலக்கு நான் கேட்கல டாக்டர். எனக்கு இது தெரியாது. அதனால வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மடிக்கணினியை மூடினார். உட்காருங்கள் என்றார், பலகைப் பக்கம் திரும்பினார்.

முதல் கணக்கைப் போட்டார். இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு எப்படிப் போனார் என்று தெரியவில்லை. எல்லாரும் எழுதினார்கள். "ஃபாஹாம்?" என்றார், புரிந்ததா என்று. ஃபாஹாம், ஃபாஹாம் என்றது வகுப்பு முழுக்க.

புரியவில்லை என்றேன்.